மெஷினுக்குச் சாம்பிராணி

நான் இராசியில்லாத பிள்ளை என்பதை முதன்முதலில் கண்டுபிடித்தது ஒரு போட்டோ கொப்பி மெஷின். அதற்கு முன்னால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. வாயாடி என்றார்கள், வேலைக்கள்ளி என்றார்கள், தலையைப் பார் குருவிக்கூடு மாதிரி என்றார்கள். அதெல்லாம் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் கிடைக்கிற பட்டங்கள்தான். இராசி என்று ஒன்று இருப்பதும், அது என்னிடம் இல்லாததும் கண்டிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அம்மா வெளிநாடு போன வருஷம் அது. பன்வில பக்கத்துத் தோட்டங்களில் வெளிநாடு என்றால் அரபு நாட்டில் யாரோ ஒருவர் வீட்டில் சமைத்துப் பெருக்கித் துவைப்பது என்றுதான் பொருள். வேறு வெளிநாடு எதுவும் எங்களுக்குத் தெரியாது. அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு நின்றார். பெரியப்பாவின் ஒற்றை அறை லயத்துக் காம்பராவில் ஏற்கெனவே கால் நீட்ட இடமில்லை. ஆகவே என்னைக் கண்டியில் இருந்த மாமா வீட்டில், அதாவது அம்மாவின் தம்பி வீட்டில், கொண்டுவந்து விட்டார்கள். டவுன் பள்ளிக்கூடம், கரண்ட் வெளிச்சத்தில் படிப்பு, நல்ல சாப்பாடு என்று அதற்குப் பல காரணங்கள் சொன்னார்கள். எல்லாம் உண்மைதான். வேறு போக்கிடம் இல்லை என்பதும் உண்மை, அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளைகள் இல்லை. டவுனை ஒட்டிய மகியாவையில் ஒரு சின்ன வாடகை வீடு. அத்தை வீட்டிலிருந்தபடியே தையல் தைத்தாள். பகல் முழுக்கத் தனியாக இருந்து பழகியவள் என்பதால், பக்கத்தில் ஒரு பிள்ளை சும்மா உட்கார்ந்திருப்பதே அவளுக்குச் சத்தமாக இருந்தது போலும். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக மாமாவின் கந்தோருக்குப் போய்விட வேண்டும், கந்தோர் பூட்டும்போது அவரோடு வீட்டுக்கு வர வேண்டும் என்று ஏற்பாடு.

கந்தோர் என்று பெரிதாகச் சொல்வது மாமாவின் பழக்கம். வழக்குப் பேசுகிற கோட்டுக்குப் பின்னால் போகிற தெருவில், ஒரு சிங்கள முதலாளியின் புடவைக் கடைக்கு மேல்மாடியில் ஒற்றை அறை. ஒரு டைப்ரைட்டர், ஓர் அலுமாரி, மனு அடிக்க வருகிறவர்கள் உட்கார இரண்டு கதிரைகள், சுவரில் முருகன் படம், பிறகு அந்த மெஷின். கொழும்பில் ஏதோ பெரிய கம்பனியில் உழைத்துக் களைத்துப்போன மெஷினை மாமா வாங்கிக் கண்டிக்குக் கொண்டுவந்திருந்தார். பிரப்பம் பெட்டி அளவுக்கு இருந்த அதைப் படியில் ஏற்ற எத்தனை பேர் பிடித்தார்கள் என்று அவர் சொல்லும்போது ஆட்களின் தொகை ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகும்.

நான் வந்த புதிதில் மாமா எனக்காக ஒரு காரியம் செய்தார். ஜன்னலோரம் நின்ற மெஷினை மூலைக்கு, முருகன் படத்துக்கு நேர் கீழே தள்ளிவிட்டு, அந்த வெளிச்சமான இடத்தில் ஒரு சின்ன மேசையும் ஸ்டூலும் போட்டார். "பாப்பா படிக்கிற எடம்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினார். அந்த மேசையில் உட்கார்ந்து நான் படித்ததைவிடத் தெருவைப் பார்த்ததுதான் அதிகம். கீழே போகிற பெண்களில் யாராவது அம்மா மாதிரி நடக்கிறார்களா என்று பார்ப்பேன். அம்மா மாதிரி கொண்டை போட்டவர்கள் இருந்தார்கள். அம்மா மாதிரி நடக்கிறவர்கள் கண்டியில் இல்லை.

மழைக் காலத்தில் கண்டி குளிர்ந்துவிடும். மாமா டைப் அடித்துக்கொண்டிருப்பார், பேச ஆள் இருக்காது. அப்போது நான் மெஷினின் வலப்பக்கத்தில் போய் முதுகைச் சாய்த்து நிலத்தில் உட்கார்ந்துகொள்வேன். அந்தப் பக்கம் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். உள்ளே ஏதோ மெதுவாக முனகிக்கொண்டே இருக்கும். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அந்த வருஷத்தில் நான் சாய்ந்து உட்கார்ந்தது அதன்மேல் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை மட்டும் வேறு மாதிரி. அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு நேராக வீட்டுக்குப் போக வேண்டும். அத்தை என் தலையில் எண்ணெய் வைத்து, சீயாக்காய் போட்டுத் தேய்த்துக் குளிக்க வார்ப்பாள். பிறகு சிரட்டைக் கரி நெருப்பில் சாம்பிராணி போட்டு, தூபக்காலை என் முதுகுக்குப் பின்னால் வைத்து, ஈர முடியை விரலால் கோதிக் கோதிப் புகை காட்டுவாள். அப்போதும் பேச மாட்டாள். ஆனால் அவளுடைய விரல்கள் மெதுவாக, அவசரமில்லாமல் போகும். கண்ணை மூடிக்கொண்டு, முடி காயவே கூடாது என்று நினைத்துக்கொள்வேன். காய்ந்ததும் இருவரும் கிளம்பிக் கந்தோருக்குப் போவோம். அங்கே முருகன் படத்துக்குப் பூப்போட்டு, கற்பூரம் காட்டி, அதே தூபக்காலில் மீண்டும் நெருப்பு உண்டாக்கி மூலை முடுக்கெல்லாம் சாம்பிராணி போடுவாள். மெஷினுக்கும் நெற்றி இருக்கிற இடத்தில் ஒரு சந்தனப் பொட்டு வைப்பாள். தொழில் செய்கிற பண்டமாயிற்றே.

நான் வந்து கொஞ்ச காலத்தில் கொப்பிகள் வெளுக்கத் தொடங்கின.

முதலில் ஓரங்களில் மட்டும். பிறகு எழுத்துக்கள் பென்சிலில் எழுதியது போல வந்தன. மாமா கறுப்புக் கூட்டுகிற பிடியை முழுக்கத் திருப்பினார். கண்ணாடியைப் பேப்பரால் தேய்தேய் என்று தேய்த்தார். மைத்தூள் டப்பாவைக் கழற்றி மருந்துப் போத்தலைக் குலுக்குகிற மாதிரி குலுக்கி மாட்டினார். குலுக்கியதில் அவருடைய மூக்கும் என் வெள்ளைச் சட்டையும் கறுத்தன, கொப்பி மட்டும் கறுக்கவில்லை.

எங்களிடம் கொப்பி எடுக்க வந்தவர்களில் பாதிப் பேர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். அடையாள அட்டைக்கும் பிரஜா உரிமைக்கும் ஓய்வூதியப் பணத்துக்கும் என்று பிறப்புச் சான்றிதழையும் வேறு பழைய பத்திரங்களையும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வருவார்கள். மூலப் பத்திரமே மங்கிப்போய் இருக்கும். எங்கள் மெஷின் அதை இன்னும் மங்கலாக்கிக் கொடுத்தது. ஒரு நாள் ஒரு கிழவர் காலையில் எடுத்துக்கொண்டு போன கொப்பியோடு பின்னேரம் திரும்பி வந்தார். படியேறிய களைப்பில் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"கவர்மென்ட் கச்சேரியில இருக்குற சிங்கள மாத்தயா 'பேன்னே நே'ன்னுட்டாருங்க தம்பி. எழுத்தே தெரியலையாம். மூஞ்சியில எறியாத கொறைதான். காலையில மொத பஸ்ஸுல வந்தவன், இனி திரும்பவும் ஒரு நாள் பேர் விழாம வரணும்."

பேர் விழாமல் என்றால் ஒரு நாள் சம்பளம் இல்லாமல். மாமா இன்னொரு கொப்பி எடுத்துப் பார்த்தார், அது இன்னும் மோசம். கடைசியில் அவரே கிழவரைக் கூட்டிக்கொண்டு எதிர்ச்சாரியில் புதிதாகத் திறந்திருந்த கடைக்குப் போய் கொப்பி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். வந்தவர் டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்து ஒன்றும் அடிக்காமல் இருந்தார். கோட்டுக்கு வருகிறவர்களும் மெல்ல மெல்ல எதிர்ச்சாரிப் படியில் ஏறத் தொடங்கினார்கள். இப்படியே போனால் கந்தோரைப் பூட்ட வேண்டியதுதான் என்று மாமா வீட்டில் சொன்னதை நான் பாயில் படுத்தபடி கேட்டேன்.

மெஷின் பார்க்கத் திகனவிலிருந்து ஒரு முஸ்லிம் மெக்கானிக் மோட்டார் சைக்கிளில் வருவார், எல்லாருக்கும் அவர் நானா. கண்டியிலிருந்து பல்லேகல வரை கந்தோர்களில் உள்ள கொப்பி மெஷின்களுக்கெல்லாம் தானே வைத்தியர் என்று அவரே சொல்லிக்கொள்வார். வாய் ஓயாத மனுஷன், இருக்கு என்பதை ஈக்கி என்பார். முதல் தடவை வந்து, மைத்தூள் சரியில்லை, வேறு மாற்றுங்கள் என்றார். மாற்றினோம், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் தடவை வந்தபோது வெளியே அடைமழை. அலுமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"மெஷினுக்கு ஒரு நோவும் இல்ல தம்பி. பேப்பருக்குத்தான் தடிமனும் சளியும் புடிச்சு ஈக்கி. இந்த மழைக்கு ஈரத்தக் குடிச்சிட்டு ஈக்கி. ஈரப் பேப்பர்ல மை எப்படி ஒட்டும்?"

பேப்பர் வைக்கிற அலுமாரிக்குள் ஒரு பல்பை எரியவிடச் சொல்லிவிட்டுப் போனார். மாமா அன்றைக்கே பல்பு மாட்டினார். வீட்டுக்கு வந்து, "ஈரந்தானாம்" என்று அத்தையிடம் ஆறுதலாகச் சொன்னார். அத்தை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஈரந்தானா? அதை ஏன் மொதல்லயே சொல்லல? சாம்பிராணிப் பொகை தல ஈரத்தையே எடுக்குது, மெஷினு ஈரத்தை எடுக்காதா?"

அந்த வெள்ளிக்கிழமை அத்தை கந்தோருக்கு வந்து செய்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடிவதற்குள் வேறு ஏதோ வந்துவிடும். மெஷினின் முன்கதவைத் திறந்தாள். மேல் மூடியையும் தூக்கி வைத்தாள். உள்ளே சுழல்கிற பகுதிக்குக் கீழே தூபக்காலை வைத்து, சாம்பிராணியை அள்ளிப் போட்டு, முந்தானையால் மெல்ல விசிறினாள். குளிக்க வார்த்த பச்சைப் பிள்ளையைக் காலில் போட்டுப் புகை காட்டுகிற மாதிரிதான். புகை ஒரு பக்கத்தால் போய் மறு பக்கத்து ஓட்டை வழியாக வந்தது. "இன்னுங் கொஞ்சம் காட்டுனாத்தான் உள்ஈரம் போகும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அத்தனை கனிவாக அவள் பேசியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மாமாவுக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

அடுத்த கிழமை கொப்பிகள் இன்னும் வெளுத்தன. அத்தை இன்னும் அதிகம் சாம்பிராணி போட்டாள். வெள்ளிக்கிழமையோடு செவ்வாய்க்கிழமையும் சேர்ந்துகொண்டது. நோய் கூடக் கூட மருந்தும் கூடியது, மருந்து கூடக் கூட நோயும் கூடியது.

ஈரமும் இல்லை, மைத்தூளும் இல்லை என்றால் வேறு என்னவாக இருக்கும்? அத்தை அதைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் சமையலறையில் மாமாவிடம் சொன்னாள். தணிந்த குரலில்தான் சொன்னாள், வீடு சின்னது.

"நான் மனசுல வச்சிக்கிட்டுச் சொல்லல. இந்தப் புள்ள வந்து ஏறுன நாள்லருந்துதான் மெஷினு வெளுத்துக்கிட்டே போகுது. யோசிச்சுப் பாருங்க."

"மழை பெய்யிறதுக்குப் புள்ள என்னா செய்யும்?" என்றார் மாமா.

"போன வருஷமும் மழை பேஞ்சுச்சுதானே?"

யோசித்துப் பார்த்தால் அது சரியாகத்தான் இருந்தது. நான் வந்தேன், மெஷின் வெளுத்தது. அம்மா வயிற்றில் நான் இருந்தபோது எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பூட்டினார்களாம். அதுவும் ஒருவேளை என்னால்தானோ என்று படுத்துக்கொண்டே யோசித்தேன். அம்மா அவ்வளவு தூரம் போனதும் இதற்காகத்தானோ என்று ஒரு பயம் வந்தது. கேட்பதற்கு அந்த வீட்டில் யாரும் இல்லை.

இந்தப் பள்ளிக்கூடத் தவணை முடிந்ததும் என்னைப் பன்விலவுக்குப் பெரியப்பாவிடம் அனுப்பிவிடுவது என்று முடிவானது. மாமா அப்போதும், "அதுக்குள்ள மெஷினு சரியாப் போச்சுன்னா?" என்று கேட்டார். "சரியாப் போனா இருக்கட்டும், நான் வேணாம்னா சொல்றேன்?" என்றாள் அத்தை. அன்றிலிருந்து என் படிப்பு, விளையாட்டு, சாமி எல்லாம் அந்த மெஷின்தான். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்ததும் குப்பைக் கூடையில் கிடக்கும் கொப்பிகளை எடுத்து நேற்றையதோடு வைத்துப் பார்ப்பேன். ஒரு சில நாள் கொஞ்சம் கறுத்த மாதிரி இருக்கும். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனால் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. வெள்ளிக்கிழமை அத்தை என் தலைக்குப் புகை காட்டுவதை நிறுத்திவிட்டாள். "வளர்ந்த புள்ளதானே, நீயே தொவட்டிக்க" என்று துவாயை எறிந்தாள். சாம்பிராணி முழுவதும் மெஷினுக்குப் போயிற்று. ஈரத் தலையோடு அவளுக்குப் பின்னால் கந்தோருக்கு நடப்பேன். அங்கே அவள் மெஷினுக்கு முன்னால் மண்டியிட்டு அந்த மெதுவான கையால் புகையை உள்ளே விலக்கி விலக்கி விடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு மெஷின்மேல் பொறாமைப்பட்டவள் கண்டியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தவணைப் பரீட்சை முடிந்த அன்றைக்கு நானா மூன்றாம் முறையாக வந்தார். வந்தவர் இந்தத் தடவை பேப்பரைப் பார்க்கவில்லை. மெஷினின் முன்கதவைத் திறந்து குனிந்தவர், அப்படியே நின்று மூக்கைச் சுருக்கி மோந்து பார்த்தார். பிறகு உள்ளேயிருந்து கோடு போடுகிற அடிமட்டம் போல நீளமாக ஒரு பாகத்தை இழுத்து எடுத்தார். அதன் நடுவில் தலைமுடி மாதிரி ஒரு மெல்லிய கம்பி. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அந்தக் கம்பிமேல் ஓர் இழுப்பு இழுத்தார். வெள்ளைப் பஞ்சு வெல்லப்பாகு நிறத்தில் வந்தது. அதை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார்.

"யா அல்லாஹ்! ஆரு மெஷினுக்குச் சாம்புராணி புடிச்ச?"

மாமாவுக்கு விளங்கவில்லை. நானா பஞ்சை அவர் மூக்கில் நீட்டினார்.

"இந்தக் கம்பில கரண்ட் ஒழுங்காப் பரவினாத்தான் மை தாளுக்கு இழுபடும். பொகை படிஞ்சு படிஞ்சு பிசினாட்டம் புடிச்சு ஈக்கி. மெஷின வேற கொண்டாந்து சாமிப் படத்துக்கு அடியில வச்சி ஈக்கிறீங்க. பின்ன வெளுக்காம என்ன செய்யும்? பேப்பருக்குத் தடிமன்னு சொன்ன என்னச் செருப்பால அடிக்கணும்."

கம்பியைத் துடைத்து மாட்டி, சுவரில் தொங்கிய கலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வைத்துக் கொப்பி எடுத்தார். வெளியே வந்த தாளை நான்தான் முதலில் எடுத்தேன். கறுப்பு. அட்டைக் கறுப்பு. ஒவ்வோர் எழுத்தும் தொட்டால் கையில் ஒட்டிக்கொள்ளும் போல இருந்தது.

"மாமா, நான் இல்ல! பொகை! நான் இல்ல, பொகைதான்!" என்று அந்தத் தாளை ஆட்டிக்கொண்டு நான் குதித்த குதியில் கீழே புடவைக் கடைக்காரர் தட்டு முட்டுச் சாமான் விழுந்ததாக நினைத்திருப்பார். உடனே வீட்டுக்கு ஓடி அத்தையிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவளும் சிரிப்பாள், தலையில் அடித்துக்கொள்வாள், அடுத்த வெள்ளிக்கிழமை சாம்பிராணி மறுபடியும் என் தலைக்கு வந்துவிடும். எனக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

மாமா சிரிக்கவில்லை. கதிரையில் போய் உட்கார்ந்தார். அவர் முகம் கழுவி விட்ட சிலேட்டு மாதிரி இருந்தது. "நானா, இந்தப் பொகை விசயம் எங்க வீட்டுப் பக்கம் வந்துறக் கூடாது" என்றார். நானாவும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரை ஒரு தரம் பார்த்தார். "என்ட வாயால வராது தம்பி" என்று சொல்லித் தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும்போது மாமா நேர் வழியை விட்டு வாவிக் கரைப் பக்கமாக என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்குக் கடலை வாங்கித் தந்தார். கரைக் கட்டோரம் நின்று தண்ணீரைப் பார்த்தபடி பேசினார்.

"பாப்பா, பொகையாலதான்னு அத்தைகிட்ட சொல்லிறாத. இன்னிக்கு மட்டுமில்ல, எப்பயுமே சொல்லாத."

"ஏன் மாமா?"

"சொல்லாதன்னா சொல்லாத. என் தங்கமில்ல?"

"அப்ப நான் போவ வேணாந்தானே?"

"அதை நான் பேசிக்கிறேன்" என்றார் மாமா. அவர் என்னைத் தங்கம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பெரிய மனுஷர் ஒருவரும் நானும் மட்டும் அறிந்த ஒரு இரகசியம் என்ற பெருமையில் எனக்குக் கடலைகூட இறங்கவில்லை. அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினேன்.

வீட்டில் மாமா தன்னால் முடிந்தவரை பொய் சொன்னார். மெஷினுக்குள் ஒரு பார்ட் தேய்ந்து போயிருந்ததாம், நானா மாற்றிவிட்டாராம், இனிப் பயமில்லையாம். பாப்பாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம்.

"இத்தன வருசம் தேயாத பார்ட்டு இவ வந்தோடன ஏன் தேஞ்சுச்சு?" என்று கேட்டாள் அத்தை.

பார்ட் பழையது என்றால் ஏன் இப்போது பழையதானது என்பாள். மழை என்றால் போன வருஷத்து மழையைக் காட்டுவாள். இராசிக்கு முன்னால் நிற்கக்கூடிய காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது என் வாய்க்குள் இருந்தது. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவ்வளவு பெரிய ஆள் அப்படிக் கெஞ்சுகிற கண்ணோடு என்னைப் பார்த்தது எனக்குப் புதிதாக இருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அத்தையின் குரலில் கோபம் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "எனக்கு என்ன, புள்ளைய வெரட்டணும்னா ஆசை? பயமா இருக்குங்க. இருக்குற ஒரே பொழப்பும் போயிருச்சுன்னா?" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய், எனக்காகத் தைத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடச் சட்டையின் விளிம்பை மடித்து முடித்துக் கொடுத்தாள். அதைப் பன்விலப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றாள்.

சாம்பிராணியை நிறுத்த மாமா ஒரு தந்திரம் செய்தார். கீழ்க் கடை முதலாளி சேலையிலெல்லாம் புகை மணக்கிறது என்று சண்டைக்கு வந்தாராம், இனிமேல் மாடியில் தீ மூட்டினால் இடத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம். அந்த முதலாளி பாவம், வாசலில் கண்டால் எனக்கு இனிப்பு டொபி கொடுக்கிற நல்ல மனுஷன். அவருக்கு ஒன்றும் தெரியாது. அத்தை அவரையும் அவர் சேலைகளையும் பல வருஷங்களுக்கு மனதாரச் சபித்துக்கொண்டிருந்தாள்.

நான் போன பிறகு கொப்பிகள் கறுகறுவென்று வந்தனவாம், எதிர்ச்சாரிக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்களாம். வராமல் எப்படி இருக்கும்? அத்தை போட்ட கணக்கு விடையோடு சரிவந்துவிட்டது. பெரியப்பா வீட்டில் கால் நீட்டாமல் தூங்கப் பழகிக்கொண்டேன். அங்கே யாரும் என்னை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஆறு பிள்ளைகளுக்கு நடுவில் ஏழாவதாகப் படுத்துக்கொண்டு, ஒருவரும் எனக்கு இல்லை என்று நினைத்துக்கொள்வேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் அத்தையிடமிருந்து ஒரு சட்டை வரும். அளவு கச்சிதமாக இருக்கும்.

அம்மா திரும்பி வந்தபோது எனக்கு அவளை நிமிர்ந்து பார்க்கத் தேவையில்லாத உயரம் வந்திருந்தது. மெஷின் கதையை ஒரு நாள் வேடிக்கையாகத்தான் அவளிடம் சொன்னேன். மாமாவுக்கு நான் கொடுத்த வாக்கு அம்மாவையும் கட்டுப்படுத்துமா என்று யோசித்துவிட்டே சொன்னேன். நானா பஞ்சை மோந்து பார்த்த இடத்தில் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு சொன்னாள்.

மாமாவுக்கும் அத்தைக்கும் ஒரு பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. தோட்டத்தில் இருந்த காலத்தில், நான் பிறப்பதற்கு முன்னால். நெஞ்சுச் சளி கண்டு, மழைக் காலத்தில், தவழக்கூடத் தொடங்காமல் செத்துப் போயிருக்கிறது. அத்தை அந்தப் பிள்ளையைத் தினமும் குளிக்க வார்த்து, குளிருக்கும் ஈரத்துக்கும் பயந்து பயந்து புகை காட்டுவாளாம். பிள்ளையை எடுத்து அடக்கம் செய்த அன்றைக்கு வந்திருந்த பெண்களில் ஒருத்தி, அத்தையின் காது கேட்கவே, இவ்வளவு புகை போட்டால் பிஞ்சு நெஞ்சு எப்படித் தாங்கும் என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு ஊரே அதைச் சொன்னது. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் மாமா தோட்டத்துக் கிளாக்கர் வேலையை விட்டுவிட்டு, அத்தையைக் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போனார்.

"மொதல்ல சொன்னது நான்தான்டி" என்றாள் அம்மா. "வாய்ல வந்துச்சு, சொல்லிப்புட்டேன்."

இதில் எதுவும் தெரியாமல்தான், தவணை முடிந்து மாமா என்னைக் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு, நான் பன்வில பஸ்ஸிலிருந்து இறங்கினேன். மாமா என் பையைப் பெரியம்மாவிடம் கொடுத்தார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னதற்கு நேரமில்லை என்றார். நாங்கள் வந்த பஸ்ஸே திரும்பிக் கண்டிக்குப் போக நின்றது, அதிலேயே ஏறிவிட்டார். அவர் உட்கார்ந்த ஜன்னலுக்கு நேர் கீழே போய் நின்றேன். அவர் ஒரே ஒரு தரம் குனிந்து பார்த்தால் போதும், ஒருத்தரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன் என்று வாயைப் பொத்திக் காட்டலாம் என்று காத்திருந்தேன். பஸ் ஸ்டார்ட் எடுத்து, திருப்பி, என் பக்கத்தால் போகும்வரை அவர் மற்றப் பக்கத்துத் தேயிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டில் என்னைத் தவிரப் புகையைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவர். அவரே என் முகத்தைப் பார்க்கப் பயப்படுகிறார் என்றால் அத்தை சொன்னது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு, பெரியம்மாவின் கையைப் பிடித்தால் அவர்களுக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, கொஞ்சம் தள்ளியே நடந்தேன்.